ஹாட் டிஸ்க் போட்டுதா, இல்லாட்டி போன மாதிரி நடிக்குதா?

டிஸ்க் போட்டுது எண்டு புதுசு வேண்ட வவுனியாவுக்கு பஸ் ஏற முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. நான் கிளிநொச்சிப் பக்கம் வீட்டில வைச்சு கொம்பியூட்டர் திருத்திறனான், கடை எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, முன் விறாந்தையில ஒரு மேசையும் ஒரு லைட்டும்தான். "டிஸ்க் செத்துப்போச்சு" எண்டு சொல்லிக் கொண்டு வாற மிசினுகளில கனக்கத்தில டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை, கேபிள் தளர்ந்திருக்கும், பற்றரி முடிஞ்சிருக்கும், இல்லாட்டி வீட்டுக் கரண்ட்தான் பிழை. அதால டக் டக் எண்டு சத்தம் வாறதைத் தவிர எந்தக் குறி எண்டாலும் நான் பிடிக்கிற வரிசை ஒண்டுதான்: முதல் வெளியில இருந்து பூட் பண்ணிப் பார்க்கிறது, அதாவது உள் டிஸ்க்கை விட்டிட்டுப் பென் டிரைவில இருந்து மிசினை எழுப்பிப் பார்க்கிறது, பிறகு டேட்டாவை எடுக்கிறது, அதுக்குப் பிறகுதான் புது டிஸ்க்குக்குக் காசு எண்ணுறது. ஆக்கள் செய்யிறது இதை அப்பிடியே தலைகீழா.

கையில முதலே இருக்கவேண்டிய சாமான்

மிசின் நல்லா ஓடிக்கொண்டு இருக்கேக்கயே செய்து வைக்கவேண்டிய வேலை இது, ஆனா ஒருத்தரும் செய்யிறேல்லை. 16 ஜிபி இல்லாட்டி 32 ஜிபி பென் டிரைவ் ஒண்டு எடுத்து அதில வென்டொய் எண்ட, பென்னில இருந்து மிசினை எழுப்ப உதவிற சொப்ட்வெயரை ஏத்துங்கோ, ஏத்தேக்க பென்னில இருக்கிறது எல்லாம் அழியும், அதால உள்ளுக்க கிடக்கிறதை முதல் வேற இடத்தில எடுத்து வையுங்கோ. பிறகு லினக்ஸ் மின்ட் எண்ட, விண்டோஸ் மாதிரி ஆனா காசில்லாத ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ர ஐஎஸ்ஓ பைலை, அதாவது முழுசையும் ஒரே பைலாக் கட்டி வைச்சதை, டவுன்லோட் பண்ணி, பாட்டு கொப்பி பண்ணுற மாதிரி சும்மா இழுத்து அந்தப் பென்னுக்க போட்டா சரி. ஐஎஸ்ஓ ஒரு 3 ஜிபி அளவில வரும், நைட் டேட்டா இருக்கிற ஆக்கள் இரவில போட்டுவிட்டுப் படுங்கோ. இடம் மிச்சம் கிடந்தா விண்டோஸ் ஐஎஸ்ஓவையும் அதே பென்னுக்கயே போடலாம், பூட் பண்ணேக்க எது வேணும் எண்டு ஒரு மெனு கேக்கும்.

இரண்டாவது சாமான், யூஎஸ்பியில இருந்து சாட்டாவுக்கு மாத்திற கேபிள், சாட்டா எண்டது டிஸ்க்கை மதர்போட்டோட கொழுவிற கொனெக்டர். லப்டொப் டிஸ்க், அதாவது 2.5 இஞ்ச் டிஸ்க்கை அதில கொழுவினா யூஎஸ்பி கரண்டிலயே ஓடும். டெஸ்க்டொப்பில வாற 3.5 இஞ்ச் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், அதுக்குத் தனி அடப்டரோட வாற கேபிளா வேண்டுங்கோ. அடப்டர் இல்லாத கேபிளில பெரிய டிஸ்க்கைக் கொழுவிப்போட்டு "சுத்தேல்லை, செத்துப்போச்சு" எண்டு கொண்டு வந்த ஆக்களும் இருக்கினம்.

கறுப்புத் திரையில "நோ பூட்டபிள் டிவைஸ்" எண்டு வெள்ளை எழுத்து

"ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் பவுண்ட்", "ரீபூட் அண்ட் செலக்ட் புரொப்பர் பூட் டிவைஸ்" எல்லாம் இதின்ர சொந்தக்காரர்தான். முதல் வேலை, மிசினில குத்தியிருக்கிற பென் டிரைவ், மெமரி கார்ட், டொங்கிள் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஒருக்கா ஓன் பண்ணிப் பாருங்கோ. சிரிக்காதேங்கோ, பாட்டுக் கேட்ட பென்னைக் கழட்டினதோட விண்டோஸ் எழும்பின மிசின் என்ர மேசையில கனக்க இருந்திருக்கு.

அப்பிடியும் எழும்பேல்லை எண்டா பயோஸுக்க போங்கோ, விண்டோஸ் எழும்ப முதல் வாற, மிசினின்ர செட்டிங் இருக்கிற இடம் அது. ஓன் பண்ணின உடன தட்டவேண்டியது டெஸ்க்டொப்பில கனக்கத்தில டிலீட் கீ, லப்டொப்பில எப்2 இல்லாட்டி எப்10. உள்ளுக்க போனதும் இரண்டு விசயம் பாருங்கோ, ஒண்டு டிஸ்க்கின்ர பேர் தெரியுதா எண்டு, மற்றது திகதி. திகதி எங்கயோ பழைய வருசத்தில நிக்குது எண்டா டிஸ்க்கைத் தேடுறதை விட்டிட்டு மதர்போட்டில இருக்கிற அந்த வட்டப் பற்றரியை மாத்துங்கோ, சிஆர்2032 எண்டு கேட்டா மணிக்கூடு திருத்திற கடையிலயும் இருக்கும். அந்தப் பற்றரி விழுந்தா பயோஸ் தன்ர செட்டிங் எல்லாத்தையும் மறந்துபோய் ஆரம்பத்தில இருந்த மாதிரி மாறிடும், சாட்டா மோட், அதாவது மிசின் டிஸ்க்கோட கதைக்கிற முறை, ஏஎச்சிஐயில இருந்தது ஐடிஈ ஆகும், இல்லாட்டி ரெயிட் ஆகும், லெகசி எண்ட பழைய முறையில பூட் ஆன மிசின் யூஈஎப்ஐ எண்ட புது முறையில தேடும், டிஸ்க் உள்ளுக்க நல்லபடியா இருந்தும் மிசினுக்கு அதை எப்பிடி எழுப்பிறது எண்டு தெரியாது.

இஞ்ச உந்தப் பற்றரி கெதியா முடியிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஐப்பசி பிறக்க இடி மின்னல் தொடங்கினா எல்லாரும் பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் படுக்கிறது, நல்ல பழக்கம்தான், விடாதேங்கோ. ஆனா பிளக் கழண்டு கிடக்கிற நேரம் எல்லாம் மதர்போட் மணிக்கூடு அந்தச் சின்னப் பற்றரியிலதான் ஓடுது, அதால வருசக்கணக்கில கழட்டிக் கழட்டிக் கொழுவிற மிசினில அது சொன்ன காலத்துக்கு முதலே முடிஞ்சிடும். போன மாரியில ஒட்டுசுட்டான் பக்கத்தால ஒரு அக்கா மோட்டச்சைக்கிளில பின்னுக்கு வைச்சுக் கட்டுவிச்சுக் கொண்டு வந்தவா, "தம்பி, ஹாட் டிஸ்க் மாத்தவேணுமாம், ஓடர் போட்டு வைக்கச் சொல்லிட்டன்" எண்டு. பற்றரியைப் போட்டு சாட்டா மோட்டைத் திரும்ப ஏஎச்சிஐக்கு மாத்தினன், தேத்தண்ணி ஆற முதல் விண்டோஸ் வந்திட்டுது. "அப்ப ஓடரை என்ன செய்யிறது?" எண்டுதான் அடுத்த கேள்வி.

பயோஸில டிஸ்க் பேர் தெரியேல்லை, இல்லாட்டி ஒரு நாள் தெரியும் ஒரு நாள் தெரியாது

ஒரு நாள் வந்து ஒரு நாள் வராத டிஸ்க் எண்டா நான் முதல் சந்தேகப்படுறது கேபிளைத்தான். டெஸ்க்டொப்பில கரண்டைத் துப்பரவா கழட்டிப்போட்டு, சாட்டா கேபிளின்ர இரண்டு தலையையும் எடுத்து, வேற கேபிள் ஒண்டை மதர்போட்டில வேற போர்ட்டில கொழுவிப் பாருங்கோ. பவர் வயரையும் மாத்துங்கோ. பழைய நாலு பின் வயரை சாட்டாவுக்கு மாத்திற மலிவுக் கொன்வெட்டர் இருந்தா அதைத் தூக்கி எறியுங்கோ, அது சூடாகி உருகிறதை என்ர கண்ணால கண்டிருக்கிறன். எங்கட செம்மண் புழுதியும் எறும்பும் சேர்ந்தா கொனெக்டருக்குள்ள என்ன இருக்கு எண்டு சொல்லத் தேவையில்லை, ஒருக்கா எறும்பு முட்டையோடயே குடியிருந்தது. பெயின்ட் அடிக்கிற சின்னப் பிரஸ் ஒண்டு காணும், தண்ணித் துணி வேண்டாம்.

லப்டொப்பில கேபிள் இல்லை, டிஸ்க் நேர போய்க் குந்தும், இல்லாட்டி ஒரு மெல்லிய தட்டை வயரில வரும். அந்தத் தட்டை வயர் மடிஞ்சு முறியிறது சில மொடலில வழமை. டிஸ்க்கைக் கழட்டி யூஎஸ்பி கேபிளில வேற மிசினில கொழுவுங்கோ, அங்க வடிவா வருது எண்டா குற்றம் டிஸ்க்கில இல்லை.

"டக்... டக்... டக்" எண்டு சத்தம்

உடன ஓவ் பண்ணுங்கோ. மிச்சத்தை ஓவ் பண்ணிப்போட்டு வாசியுங்கோ.

இது பழைய சுத்திற டிஸ்க்கில மட்டும் வாறது. உள்ளுக்க இருக்கிற ஹெட் தட்டை வாசிக்க ஏலாமல் திரும்பத் திரும்ப ஓடிப்போய் அடிச்சுக்கொண்டு வாற சத்தம் அது, ஓடுற ஒவ்வொரு நிமிசமும் தட்டைச் சுரண்டிக்கொண்டு இருக்கலாம். பவர் காணாட்டியும் இதே மாதிரிச் சத்தம் வரும் எண்டதால, வேற நல்ல பவரில ஒரே ஒருக்கா கொழுவிப் பார்க்கலாம், அதிலயும் அடிச்சுதெண்டா அதோட விடுங்கோ. பிரிட்ஜில வைக்கிறது, மேசையில தட்டுறது, மூடியைக் கழட்டிப் பார்க்கிறது எல்லாம் ஆரோ சொல்லி ஆரோ செய்யிற விசர் வேலை. பிரிட்ஜால எடுத்ததும் எங்கட வேர்வைக் காலநிலைக்கு டிஸ்க் உள்ளயும் வேர்க்கும். மூடியைத் திறந்தா ஒரு தூசி காணும், ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையில இருக்கிற இடைவெளி அந்தத் தூசியை விடச் சின்னன்.

இந்தக் கட்டத்தில கேக்கவேண்டிய கேள்வி ஒண்டுதான், உள்ளுக்க என்ன இருக்கு? படமும் பாட்டும் எண்டா கைவிடுங்கோ. செத்துப்போன அப்பாவின்ர போட்டோ, திரும்ப எடுக்க ஏலாத கலியாண வீடியோ எண்டா கொழும்பில டேட்டா ரிகவரிக்கெண்டே தனியா செய்யிற இடங்கள் இருக்கு, செலவு புது லப்டொப் விலைக்குக் கிட்டவும் போகலாம், ஆனா போறதெண்டா என்னை மாதிரி ஆக்கள் நோண்ட முதல் போகவேணும். நான் இதில கை வைக்கிறேல்லை.

எழும்புது, ஆனா எழும்பப் பத்து நிமிசம்

டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100 வீதத்தில நிக்கும், ஒரு போல்டர் திறக்கிறதுக்குள்ள சோறு ஆக்கிடலாம், இடைக்கிட நீலத் திரை. சத்தம் ஒண்டும் இல்லை எண்டபடியா ஆக்கள் இதை வைரஸ் எண்டு நினைக்கிறது, ஆனா டேட்டாவை இழக்கிறது கூடுதலா இதிலதான். நான் இழந்ததும் இதிலதான். புதுக்குடியிருப்பில ஒரு ரீச்சரின்ர லப்டொப், வருசக்கணக்கா சேர்த்த பாடக்குறிப்பு. "செக் டிஸ்க் ஓட விட்டா எல்லாம் சரிவரும்" எண்டு கெட்டித்தனமா விட்டிட்டு நான் சாப்பிடப் போட்டன், வந்து பார்த்தா போல்டர் பேர் எல்லாம் போய், துண்டு துண்டா இலக்கம் போட்ட பைலுகள் கிடக்கு, பிறகு டிஸ்க்கே வரேல்லை. செக் டிஸ்க் பைல் அமைப்பைச் சரிப்படுத்திற சாமான், டேட்டாவைக் காப்பாத்திற சாமான் இல்லை, சாகப்போற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் வாசிக்க வைச்சு அது இன்னும் வேலை வாங்கும். ரீச்சர் ஒண்டும் பேசேல்லை, அதுதான் கூடக் கஸ்டமா இருந்தது. டேட்டா வெளியில வர முதல் செக் டிஸ்க் இல்லை, பைலுகளைத் திருப்பி அடுக்கிற டிபிராக் இல்லை, விண்டோஸ் ரிப்பேரும் இல்லை.

செய்யவேண்டியது இது. விண்டோஸை எழுப்பாமல் பென்னில இருந்து மின்டை பூட் பண்ணுங்கோ. "ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்" எண்டதைத் தெரிஞ்சா ஒண்டும் இன்ஸ்டோல் ஆகாமலே பென்னில இருந்து ஓடும், உள் டிஸ்க்கை நீங்களாத் தொடாட்டி அது தொடாது. மெனுவில டிஸ்க்ஸ் எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, அதில உங்கட டிஸ்க்கைத் தெரிஞ்சு ஸ்மார்ட் டேட்டாவை, அதாவது டிஸ்க் தன்ர உடல்நிலையைத் தானே எழுதி வைச்சிருக்கிற பட்டியலை, திறவுங்கோ. நாலு இலக்கம் பார்த்தாக் காணும். 5 எண்டது பழுதாகி மாத்தி வைச்ச செக்டர் (செக்டர் எண்டது டிஸ்க்கின்ர ஒரு சின்னத் துண்டு), 197 எண்டது வாசிக்க ஏலாமல் காத்துக்கொண்டு இருக்கிற செக்டர், 198 வாசிக்கவே ஏலாது எண்டு முடிவானது. இந்த மூண்டிலயும் பூச்சியம் இருக்கவேணும், 197 ஏறிக்கொண்டு போகுது எண்டா டிஸ்க் போய்க்கொண்டு இருக்கு. 199 மட்டும் கூடிக் கிடக்குது, மற்றது எல்லாம் பூச்சியம் எண்டா அது டிஸ்க் இல்லை, கேபிள், மேல போய் வாசியுங்கோ. விண்டோஸில கிறிஸ்டல் டிஸ்க் இன்போவில பார்க்கிற ஆக்களுக்கு ஒண்டு, அது வழமையா பதினாறின் அடியில காட்டும், 10 எண்டு கிடந்தா அது 16.

பிறகு வெளி டிஸ்க் ஒண்டைக் கொழுவி கொப்பி பண்ணுங்கோ. முழு டிஸ்க்கையும் ஒரேயடியா இழுக்காதேங்கோ, யூசர்ஸ் போல்டருக்க போய் திரும்பக் கிடைக்காத சாமானை முதல் எடுங்கோ, டொக்கியுமென்ட்ஸ், போட்டோ, டெஸ்க்டொப்பில குவிச்சு வைச்சிருக்கிறது. கணக்கு சொப்ட்வெயர் பாவிக்கிற கடைக்காரர் எண்டா அதின்ர டேட்டா யூசர்ஸுக்க இருக்காது, சி டிரைவில தனிப் போல்டர் இருக்கும், தேடி எடுங்கோ. ஒரு பைலில நிண்டு இழுபட்டால் அதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. விண்டோஸ் சரியா ஓவ் ஆகாமல் கிடந்தா மின்ட் கனக்கத்தில அந்த டிரைவை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது, எங்களுக்கு அது போதும்.

கொப்பி அடிக்கடி தடைப்படுது எண்டா டிடிரெஸ்கியூ எண்டு ஒரு புரோகிராம் லினக்ஸுக்கு இருக்கு, டிஸ்க்கை அப்பிடியே வேற டிஸ்க்குக்கு எடுக்கும். நல்லா வாசிக்கிற பகுதி எல்லாத்தையும் முதல் அள்ளிப்போட்டு, பழுதான இடத்துக்குக் கடைசியாத்தான் திரும்பி வரும், எங்க விட்டது எண்டு மேப் பைல் ஒண்டில எழுதியும் வைக்கும், அதை வேற பென்னில இல்லாட்டி வெளி டிஸ்க்கில சேவ் ஆகிற மாதிரி வைச்சிருந்தா இடையில கரண்ட் போனாலும் விட்ட இடத்தில இருந்து தொடங்கும். எங்கட ஊருக்கெண்டே எழுதின மாதிரி ஒரு சாமான். ஆனா கட்டளை அடிக்கேக்க எது பழசு எது புதுசு எண்ட வரிசையை மூண்டு தரம் பாருங்கோ, மாறினா வெறும் டிஸ்க்கைத் தூக்கி டேட்டா டிஸ்க்குக்கு மேல எழுதிப்போடும்.

மின்ட் டிரைவைத் திறக்கேக்க பாஸ்வேட் கேட்டுது எண்டா அது பிட்லொக்கர், டிஸ்க்கில இருக்கிறதை வேற ஆக்கள் வாசிக்காமல் விண்டோஸ் போடுற பூட்டு. புது விண்டோஸ் 11 லப்டொப்புகள் சொல்லாமல் கொள்ளாமலே இதைப் போட்டு வைக்கும். 48 இலக்கத் திறப்பு ஒண்டு மைக்ரோசொப்ட் எக்கவுன்ட்டில இருக்கும், போனில லொகின் பண்ணி எடுக்கலாம், அந்த எக்கவுன்ட்டை ஆர் திறந்தது எண்டு தெரியாட்டி கதை முடிஞ்சுது.

பென்னைக் குத்தினாலும் அதில இருந்து எழும்புதில்லை

ஓன் பண்ணின உடன பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருக்கவேணும், டெல், லெனோவோ எண்டா எப்12, எச்பி எண்டா எப்9, ஆசூஸ் லப்டொப்புக்கு எஸ்கேப், ஆசூஸ் டெஸ்க்டொப் மதர்போட்டுக்கு எப்8, எம்எஸ்ஐக்கு எப்11. ஏசரில எப்12தான், ஆனா சில மொடலில பயோஸுக்க போய் அதை முதல் எனேபிள் பண்ணவேணும். கீ அடிச்சும் நேர விண்டோஸுக்கே ஓடுது எண்டா விண்டோஸ் முழுசா ஓவ் ஆகேல்லை, பாஸ்ட் ஸ்டார்ட்அப் எண்டு அரை நித்திரையில கிடக்கு. ஷிப்ட் கீயை அமத்திக்கொண்டு ஷட்டவுன் குடுத்தா முழுசா ஓவ் ஆகும்.

மெனுவில பென் பேரே இல்லை எண்டா போர்ட்டை மாத்துங்கோ, டெஸ்க்டொப்பில முன்பக்கப் போர்ட்டை நம்பாதேங்கோ, பின்னுக்கு மதர்போட்டோட இருக்கிறதில குத்துங்கோ. பழைய மிசின் சிலது நீலப் போர்ட்டில பூட் ஆகாது, கறுப்பில ஆகும். பேர் வந்து, தெரிஞ்சாப் பிறகு செக்கியூரிட்டி எண்டு ஏதும் வந்து நிண்டா அது செக்கியூர் பூட், தெரியாத சிஸ்டத்தை எழும்ப விடாத காவல், பயோஸில நிப்பாட்டிப்போட்டு வேலை முடியத் திரும்பப் போடுங்கோ. பிட்லொக்கர் இருக்கிற மிசினில அதை நிப்பாட்ட முதல் மேல சொன்ன திறப்பை எடுத்து வையுங்கோ, இல்லாட்டி அடுத்த முறை விண்டோஸ் அதைக் கேட்டு நிக்கும். மின்ட் தொடங்கி கறுப்பா நிண்டா கொம்பாட்டிபிலிட்டி மோட் எண்டு மெனுவில இருக்கிறதைத் தெரியுங்கோ, கிராபிக்ஸ் கார்ட் சிக்கல் அது.

புது டிஸ்க் வேண்டிட்டு வந்தாச்சு, ஆனா பொருந்துதில்லை

இந்தக் குறிக்கு மருந்து முதலே இருக்கு, மிசினைக் கழட்டிப் பார்த்து போனில படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போறது. முல்லைத்தீவில இருந்தோ மல்லாவியில இருந்தோ ஒருக்கா போய் வர ஒரு நாள் முறியும், பிழையானதைக் கொண்டு வந்தா இரண்டு நாள். 2.5 இஞ்ச் சாட்டா எண்டா பயம் இல்லை, எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத புது வகை டிஸ்க், கனக்கத்தில 7 மில்லிமீட்டர் தடிப்பு, பழைய டிஸ்க் 9.5 எண்டா கொஞ்சம் ஆடும், சுத்திவர இருக்கிற தகரச் சட்டத்தைப் பழசில இருந்து கழட்டிப் புதுசுக்குப் பூட்டினா சரி. மயக்கம் வாறது எம்.2 எண்ட சின்ன எஸ்எஸ்டியிலதான். சுவிங்கம் துண்டு மாதிரி 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அதால 2280 எண்டு சொல்லுறது. அதிலயே இரண்டு சாதி, ஒண்டு சாட்டா, மற்றது அதை விட வேகமான என்விஎம்ஈ. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, சாட்டா ஸ்லொட்டில என்விஎம்ஈ போட்டா வேலை செய்யாது. மொடல் நம்பரை வைச்சு எது எண்டு தேடிப்போட்டு வேண்டுங்கோ.

விலை கேக்கேக்க ஒண்டை யோசியுங்கோ, சாட்டா எஸ்எஸ்டி ஒண்டு செக்கனுக்கு 550 எம்பி கிட்ட வாசிக்கும், பழைய சுத்திற டிஸ்க் 100 சொச்சம். பத்து வருசப் பழைய மிசினுக்கு அதே போதும், விலை கூடின எஸ்எஸ்டியால அதில ஒரு வித்தியாசமும் தெரியாது. நம்ப ஏலாத மலிவில பெரிய சைஸ் காட்டிற எஸ்எஸ்டியும் பென்னும் கடையிலயும் ஒன்லைனிலயும் ஓடுது, 1 டிபி எண்டு காட்டும், உள்ளுக்க அவ்வளவு இருக்காது, எழுத எழுதப் பழசை அழிக்கும். வேண்டின அண்டே எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட சின்ன சொப்ட்வெயரால நிரப்பிப் பார்த்தா வெளிச்சிடும், கடைக்காரர் மாத்தித் தருவார்.

பூட்டேக்க லப்டொப் பற்றரி வயரைக் கழட்டிப்போட்டுத்தான் பூட்டுறது. ஆணிகளை எந்த ஓட்டையால எடுத்தது எண்டு ஒரு பேப்பரில லப்டொப் மாதிரிக் கீறி அதில குத்தி வையுங்கோ, நீட்டு ஆணியைக் கட்டை இடத்தில இறுக்கினா கீபோட்டைக் குத்திக்கொண்டு மேல வரும்.

இன்ஸ்டோல் பண்ணப்போனா புது டிஸ்க் தெரியேல்லை, இல்லாட்டி ஏத்த மாட்டன் எண்டுது

இன்டெல் 11ஆம் தலைமுறை, அதுக்குப் பிறகான லப்டொப் சிலதில பயோஸில விஎம்டி எண்டு ஒண்டு ஓனில இருக்கும், விண்டோஸ் இன்ஸ்டோலருக்கு அதுக்குப் பின்னால இருக்கிற டிஸ்க் தெரியாது. அதை ஓவ் பண்ணினா தெரியும், இல்லாட்டி லப்டொப் கொம்பனியின்ர தளத்தில, டிஸ்க்கை இன்ஸ்டோலருக்குக் காட்டிற ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து பென்னில வைச்சு லோட் டிரைவர் குடுங்கோ. "ஜிபிடி பார்ட்டிசன் ஸ்டைல்" எண்டு சொல்லி ஏத்த மறுத்தா டிஸ்க் பிழை இல்லை, பென்னை லெகசியில பூட் பண்ணிட்டீங்கள், பூட் மெனுவில யூஈஎப்ஐ எண்டு முன்னுக்குப் போட்டிருக்கிற அதே பென் பேரைத் தெரியுங்கோ.

டெஸ்க்டொப்பில பழைய டிஸ்க்கும் புதுசும் சேர்த்துக் கொழுவிக்கொண்டு இன்ஸ்டோல் பண்ணாதேங்கோ, விண்டோஸ் தன்ர பூட் பைலைப் பழசில கொண்டுபோய் வைச்சிடும், பிறகு பழசைக் கழட்டின அண்டைக்குத் திரும்ப "நோ பூட்டபிள் டிவைஸ்". புதுசு மட்டும். பழசை அப்பிடியே புதுசுக்குக் குளோன் எடுத்த ஆக்களும் அப்பிடித்தான், முதல் தரம் எழுப்பேக்க பழசைக் கழட்டி வையுங்கோ. எழும்பி நீலத் திரையில "இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்" எண்டா சாட்டா மோட் பழைய டிஸ்க் ஓடேக்க இருந்த மாதிரி இல்லை, பயோஸில மாத்திப் பாருங்கோ.

லைசன்ஸ் பயம் கனபேருக்கு இருக்கு. முதல் அக்டிவேட் ஆகி இருந்த மிசின் எண்டா அதே எடிசனைப் போட்டு இன்டநெட் குடுத்தா தானா வரும், அது மதர்போட்டைப் பார்த்துத்தான் அடையாளம் பிடிக்கிறது, டிஸ்க்கை இல்லை. எது போடுறது எண்டு கேட்டா, 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் நிண்டுட்டுது, 11க்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் எண்டா பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் வேணும், அதை விடப் பழசு எண்டா நான் மின்டைத்தான் போட்டுக் குடுக்கிறன். டைப் பண்ணுறது, யூடியூப், வட்ஸ்அப் வெப் எல்லாம் அதில வடிவா ஓடும்.

புது டிஸ்க் பூட்டவே வழியில்லை: போர்ட் செத்துப்போச்சு, இல்லாட்டி இப்ப காசில்லை

வெளி டிஸ்க்கிலயே நிரந்தரமா ஓடலாம். அறிவியல்நகர் கம்பஸில படிக்கிற ஒரு பிள்ளை பிரசென்டேசனுக்கு நாலு நாள் இருக்கேக்க வந்தவா, லப்டொப்பில டிஸ்க் குந்துற இடமே மதர்போட்டோட போயிருந்தது. 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி ஒண்டை யூஎஸ்பி கேசிங்குக்க போட்டு, அதில மின்டை முழுசா இன்ஸ்டோல் பண்ணி, மூடிக்குப் பின்னால இரட்டைப் பக்க டேப்பால ஒட்டி விட்டனான். இப்பவும் அப்பிடியேதான் ஓடுது, பெடியள் பகிடி பண்ணுறாங்களாம்.

இதில கவனம் வேணும். உள் டிஸ்க் உயிரோட இருந்தா இன்ஸ்டோல் பண்ணேக்க அதைக் கழட்டி வையுங்கோ, இல்லாட்டி சிஸ்டத்தை எழுப்பிற பூட்லோடர் உள் டிஸ்க்குக்குப் போய், வெளி டிஸ்க்கைக் கழட்டின அண்டைக்கு விண்டோஸும் எழும்பாது. நீலப் போர்ட்டில கொழுவுங்கோ, கறுப்புப் போர்ட் யூஎஸ்பி 2 செக்கனுக்கு 30, 35 எம்பிதான் தரும், பொறுமை சோதிக்கும். சாதாரணப் பென் டிரைவில மாசக்கணக்கா ஓடாதேங்கோ, அதுக்கு அப்பிடி எழுதி எழுதி அழிக்கிற வேலை தாங்காது. விண்டோஸை இன்ஸ்டோலர் யூஎஸ்பி டிஸ்க்கில ஏத்த விடாது, ரூபஸ் சொப்ட்வெயரில விண்டோஸ் டு கோ எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதால செய்யலாம், அவசரத்துக்கு ஓடும். ஓடிக்கொண்டு இருக்கேக்க கேபிள் கழண்டா அந்த இடத்திலயே மிசின் நிக்கும், அதுக்குத்தான் அந்த டேப்.

புதுசு போட்டும் திரும்பத் திரும்ப டிஸ்க் போகுது

இரண்டாவது டிஸ்க்கும் போச்சுதெண்டா மூண்டாவதை வேண்டாதேங்கோ. பயோஸில ஹார்ட்வெயர் மொனிட்டரில 12 வோல்ட் 11.4க்குக் கீழயும் 5 வோல்ட் 4.75க்குக் கீழயும் இறங்குதா எண்டு பாருங்கோ, இறங்கினா பவர் சப்ளை முடிஞ்சுது. பரந்தன் பக்கம் ஒரு வீட்டில அரிசி மில் மோட்டர் தொடங்கிற நேரம் எல்லாம் லைட் மங்கி எழும்பும், அந்த நேரம் மிசின் ரீஸ்டார்ட், இரண்டு டிஸ்க் போனாப் பிறகுதான் ஐயா மில்லோட சேர்த்து யோசிச்சவர். யூபிஎஸ் ஒண்டு வைச்சதோட நிண்டுது. வயரிங்கில எர்த் இருக்கா எண்டும் எலெக்ட்ரிசியனைக் கொண்டு பார்க்கவேணும், கேசில கை வைக்க லேசா சுள்ளெண்டு அடிக்குது எண்டா இல்லை எண்டு அர்த்தம்.

எல்லாம் சரி, ஆனா பழைய கடிதமெல்லாம் இங்கிலிஷ் கிறுக்கலா வருது

டேட்டா பழுதாகேல்லை, பயப்பிடாதேங்கோ. பழைய டிஸ்க்கில பாமினி எண்ட தமிழ் பொன்ட் இருந்தது, புது விண்டோஸில இல்லை, அவ்வளவுதான். பாமினியில அடிச்சது உண்மையில இங்கிலிஷ் எழுத்துத்தான், பொன்ட்தான் அதுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுறது. அதால டேட்டா எடுக்கேக்க விண்டோஸ் போல்டருக்க இருக்கிற பொன்ட்ஸ் போல்டரையும் சேர்த்து எடுங்கோ, நான் இப்ப எல்லா மிசினுக்கும் எடுக்கிறனான். கமக்காரர் அமைப்பு ஒண்டின்ர செயலாளர் ஐயா, பதினைஞ்சு வருசக் கூட்டக் குறிப்பு முழுக்க பாமினியில, புது டிஸ்க்கில திறந்து பார்த்திட்டு எழும்பி நிண்டவர், "தம்பி, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டியே" எண்டு. பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில கொழுவி, பாமினியை எடுத்து இன்ஸ்டோல் பண்ணி, அதே பைலைத் திரும்பத் திறந்து முதல் வரியை அவரே வாசிச்சாப் பிறகுதான் மனுசன் கதிரையில இருந்தவர்.